முன்வரிசைக்கு இருபத்தொன்பது வருடம்

ஆறுமுகநாதன் தன் உத்தியோக காலத்தில் மாத்தளையில் இருநூற்றுப் பதினான்கு இசை நிகழ்ச்சிகளுக்குப் போனார். ஒன்றுக்கும் டிக்கட் வாங்கவில்லை. ஒன்றிலும் ஒரு பாட்டை முழுதாகக் கேட்கவில்லை.

காதில் குறை எதுவும் இல்லை. வேலை அப்படி. 1972இல் முப்பது வயதில் வடக்கே அளவெட்டியிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து மாநகர சபையில் ஏடு எழுதும் இலிகிதராகச் சேர்ந்தவரைக் களியாட்ட வரிப் பிரிவில் உட்கார வைத்தார்கள். அந்தப் பிரிவில் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு இறப்பர் முத்திரை இருந்தன. இளைப்பாறும்வரை அவரை வேறு எங்கும் மாற்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

நடைமுறை இதுதான். ஊரில் யார் கச்சேரி வைத்தாலும் அச்சடித்த டிக்கட்டுகளை முதலில் சபைக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொன்றின் முதுகிலும் ஆறுமுகநாதன் ஊதா மையில் முத்திரை குத்துவார். முத்திரை இல்லாத டிக்கட்டை விற்கக்கூடாது. ஆயிரத்து இருநூறு டிக்கட் என்றால் ஆயிரத்து இருநூறு குத்து. சில வருடங்களில் அவருடைய வலது தோள் இடது தோளைவிட அரை அங்குலம் இறங்கிவிட்டது. தையற்காரர் ஒன்றும் கேட்காமல் அதற்கேற்ப சட்டை வெட்டப் பழகிக்கொண்டார்.

நிகழ்ச்சி நாளில் அவர் மைதானத்தின் பின்பக்கம், வாசலை ஒட்டிய மின்கம்பத்தடியில் நின்று தலைகளை எண்ணுவார். உள்ளே இருக்கும் தலைகளும் முத்திரை குத்திய டிக்கட்டுகளும் ஒத்துப்போக வேண்டும். முன்னால் கதிரை, ஐந்து ரூபா. நடுவில் நீட்டு மர வாங்கு, மூன்று ரூபா. பின்னால் நிலம், ஒரு ரூபா. கதிரையையும் வாங்கையும் எண்ணுவது சுலபம். நிலத்தில்தான் சிக்கல். அங்கே இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் சாக்கை விரித்து நினைத்த பக்கமெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். மடியில் தூங்கும் பிள்ளைக்கு டிக்கட் இல்லை, விழித்திருக்கும் பிள்ளைக்கு அரை டிக்கட் என்பது விதி. ஆறுமுகநாதன் நிலத்துப் பக்கம் நடந்து வந்தால் நாற்பது ஐம்பது பிள்ளைகள் ஒரே நொடியில் தூங்கிவிடுவார்கள். அவர் கடந்து போனதும் ஒரே நொடியில் எழும்புவார்கள். விதியில் தூக்கம் என்றுதான் இருந்தது, எவ்வளவு நேரம் என்று இல்லை. ஆகவே அவர் ஒரு பிள்ளையையும் தட்டி எழுப்பவில்லை.

"ஐயா, இம்புட்டுப் பேர எண்ணி என்னங்க செய்யப் போறீங்க?" என்று ஒரு தோட்டத்துப் பெரியவர் ஒருமுறை கேட்டார். "பாட்டு அங்கிட்டு நடக்குதுங்க. நீங்க இங்கிட்டுப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க."

"பேசாதேங்கோ," என்றார் ஆறுமுகநாதன். "எண்ணிக்கை பிழைக்கும்."

இரத்தோட்டைக்குக் கடைசி பஸ் ஏழரைக்கு. ஏழேகாலுக்கு நிலம் முழுவதும் பாட்டின் நடுவிலேயே எழும்பிச் சாக்கை உதறும். மேடையில் இருப்பவர் எவ்வளவு பெரிய பாடகர் என்றாலும் பஸ் நிற்காது. அதனால் ஏழு மணிக்குள் எண்ணி முடித்தாக வேண்டும்.

1973இல் கல்யாணம். மனைவி மங்கையற்கரசி பூமிசாஸ்திர ஆசிரியை. மாத்தளையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அலுவிகாரையில் வாடகைக்கு வீடு எடுத்தார்கள். மங்கையற்கரசிக்குப் பாட்டென்றால் உயிர். ரேடியோ பாடினால் அவரும் பாடுவார், ரேடியோ நின்றாலும் பாடுவார். ஆகவே கணவர் முதல் கச்சேரியிலிருந்து திரும்பியபோது வாசலுக்கே வந்துவிட்டார்.

"இண்டைக்கு என்ன பாடினவை?"

"கதிரை நிரம்பினது. வாங்கிலை நாற்பத்திரண்டு இடம் வெறுமை."

"நான் பாட்டைக் கேட்டனான்."

ஆறுமுகநாதன் யோசித்தார். "ஒரு பொம்பிளை பாடினவ. மஞ்சள் சீலை."

அடுத்த வருடம் மங்கையற்கரசி நேராகவே கேட்டார். கண்டியிலிருந்து ஒரு இசைக்கோஷ்டி வருகிறது, தன்னையும் ஒருக்கால் கூட்டிக்கொண்டு போக வேண்டும். "ரேடியோவிலை பாட்டுக் கேக்கலாம். பாடுறவரின்ரை தொண்டை ஏறி இறங்கிறதைப் பாக்கேலாதே. எனக்கு அதைத்தான் பாக்கவேணும்."

கச்சேரி வைத்தவர்கள் எப்போதும் அவரிடம் இரண்டு இலவச டிக்கட்டை நீட்டுவார்கள், மிஸ்ஸிஸையும் கூட்டிட்டு வாங்க என்று. அவர் எப்போதும் திருப்பிக் கொடுத்துவிடுவார். இது மங்கையற்கரசிக்கும் தெரியும்.

"இலவசம் வேண்டாம். காசு குடுத்து வாங்குங்கோ. அஞ்சு ரூபாதானே."

இந்த யோசனையை ஆறுமுகநாதன் இரண்டு நாள் ஆராய்ந்தார். மூன்றாம் நாள் காலை, இடியப்பத்துக்கு முன்னால் இருந்தபடி தீர்ப்புச் சொன்னார். "வாங்கினாலும், வாங்கினதெண்டு ஆர் நம்புவினம்? வரிக்காரன்ரை பெண்சாதி முன்வரிசையிலை இருக்கிறா எண்டுதான் சனம் பாக்கும். டிக்கட்டை நெத்தியிலை ஒட்டிக்கொண்டே இருக்கிறது?"

"அப்ப பின்னுக்கு இருப்பம்."

"பின்னுக்கு இருந்தா, ஓசி டிக்கட்டிலை வந்து ஒளிச்சிருக்கினம் எண்டு சொல்லுவினம்."

"பின்னை எப்பதான்?"

"நான் பென்சன் எடுத்த பிறகு. முன்வரிசை. ரெண்டு டிக்கட். என்ரை காசு."

"அதுக்கு எத்தினை வருசம்?"

"இருபத்தெட்டு."

மாப்பிள்ளை பகிடி விடுகிற ஆள் இல்லை என்று கல்யாணத்துக்கு முன்பே மங்கையற்கரசிக்குச் சொல்லியிருந்தார்கள். இடியப்பத்துக்குச் சொதியை ஊற்றிவிட்டு, "சரி, முன்வரிசை. மறக்கக்கூடாது," என்றார்.

பிறகு நாடு தன் பாட்டுக்கு நடந்தது. 1977இல் ஒரு கச்சேரிக்கு எண்ணூறு டிக்கட் முத்திரை குத்தி முடித்த நாளில் தமிழருக்கெதிரான கலவரம் தொடங்கியது. கச்சேரி இல்லை. எண்ணூறையும் ஒவ்வொன்றாகக் குறுக்குக்கோடு போட்டு ரத்துச் செய்தார். 1983 ஜூலையில் அவர்களே வீட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று.

அவர்களை ஒளித்து வைத்தவர் புஹாரி. கச்சேரிகளுக்கும் கல்யாணங்களுக்கும் இரும்புக் கதிரை வாடகைக்கு விடும் மாத்தளைக்காரர். ஆறுமுகநாதனுக்கு அவரைக் கச்சேரிகளில்தான் பழக்கம்: இவர் தலையை எண்ணுவார், அவர் கதிரையை எண்ணுவார். இவர் அவரை அண்ணன் முறையில் நானா என்பார், அவர் இவரை ஐயா என்ற மரியாதையில் மாத்தயா என்பார். புஹாரி தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த ஸ்டோரில், மடித்து அடுக்கிய கதிரைகளுக்குப் பின்னால், பாய் போட்டுக் கொடுத்தார். நாலு நாள். அவருடைய மனைவி நூருன்னிஸா சோற்றை வாளியில் வைத்து, கதிரை துடைக்கிற துணியால் மூடிக்கொண்டு வருவார். வெளியே புகை மணந்தது. பேசக்கூடாது, இருமக்கூடாது, விளக்கு ஏற்றக்கூடாது. ஆறுமுகநாதனுக்குச் செய்ய வேறு வேலை இல்லை.

நாலாம் நாள் பின்னேரம் புஹாரி கதவைத் திறந்து, "இனிப் பயமில்ல மாத்தயா, ஆமி வந்தீக்கு," என்றார்.

"நானா, நானூறு கதிரை எண்டுதானே எல்லாருக்கும் வாடகைக்குச் சொல்லுறனீர்?" என்றார் ஆறுமுகநாதன். "முந்நூற்றி எண்பத்தேழுதான் இருக்கு. பதின்மூண்டு குறையுது."

புஹாரி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மங்கையற்கரசியைப் பார்த்தார். "டீச்சர், இவர வெச்சிக்கிட்டு நீங்க எப்படித்தான் காலம் தள்ளுறீங்க?"

"இன்னும் பத்தொன்பது வருசம், நானா," என்றார் மங்கையற்கரசி.

எண்பத்தொன்பதில் தெற்கிலும் மலையிலும் வேறொரு கலவரம். இருட்டினால் எவரும் வெளியே வரமாட்டார்கள் என்பதால் அந்த வருடம் ஒரே ஒரு கச்சேரி, அதுவும் மத்தியானம் இரண்டு மணிக்கு. வெயிலில் நடந்தது, நாலரைக்கு முடிந்தது. தொண்ணூறுகளில் கொழும்பிலிருந்து வருகிற கோஷ்டிகள் பாதியில் சோதனைச் சாவடிகளில் நின்றுவிடும். ஒரு முறை டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தவனை இறக்கி, டிரம்முக்குள் என்ன இருக்கிறது என்று கிழித்துப் பார்த்தார்கள். காற்றுத்தான் இருந்தது. அன்றைக்கு டிரம் இல்லாமல் கச்சேரி. ஆறுமுகநாதனின் எண்ணிக்கைக்கு அதனால் பாதிப்பில்லை.

ஒவ்வொரு முறையும் மங்கையற்கரசி கேட்பார், என்ன பாடினவை என்று. ஒவ்வொரு முறையும் வெறும் இடம் எத்தனை என்று பதில் வரும். சில வருடங்களில் அதைக் கேட்டே கச்சேரி நன்றாக இருந்ததா இல்லையா என்று சொல்லப் பழகிவிட்டார்.

2002 கடைசியில் ஆறுமுகநாதன் இளைப்பாறினார். சமாதான ஒப்பந்தம் வந்து, ஏ-ஒன்பது பாதையும் திறந்து, வடக்குக்கு வாகனங்கள் அலுவிகாரை வழியாக இரவு பகலாக ஓடிய காலம். அடுத்த மே மாதம் ஊரெங்கும் சுவரொட்டி. இந்தியாவிலிருந்து இரண்டு பாடகர்கள், முழு இசைக்குழு, பழைய பாடல்கள் மட்டும். மங்கையற்கரசி அதைப் பஸ் தரிப்பில் முழுதாக வாசித்தார். விலை கீழே சின்ன எழுத்தில் இருந்தது. 1500, 1000, 500.

வீட்டுக்கு வந்து சொன்னார். ஆறுமுகநாதன் கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுபத்து நாலிலை எனக்குச் சம்பளம் இருநூற்றி அறுபத்தைஞ்சு. முன்வரிசை அஞ்சு ரூபா. அரை நாள் வேலைக்குக் கொஞ்சம் கூட. இப்ப பென்சன் பத்தாயிரத்துச் சொச்சம். ஆயிரத்தைஞ்ஞூறு எண்டால் நாலரை நாள். ரெண்டு பேருக்கு ஒன்பது நாள்."

"ஓம்."

"ஐந்நூறு ரூபா டிக்கட்டிலையும் அதே பாட்டுத்தான் கேக்கும்."

"முன்வரிசை எண்டு சொன்னனீங்கள்."

"சொன்னனான்."

"அந்த அஞ்சு ரூபாவிலையே வாங்கித் தந்திருந்தா இவ்வளவு வந்திராது," என்று சொல்லிவிட்டு மங்கையற்கரசி கறிக்கு மிளகாய் அரைக்கப் போனார்.

கச்சேரியை நடத்துகிறவர் வேறு யாருமல்ல, புஹாரிதான். இரும்புக் கதிரை பிளாஸ்டிக் கதிரையாகி, பந்தலாகி, விளக்காகி, இப்போது முழு நிகழ்ச்சியையும் அவரே பொறுப்பெடுத்து வைக்கிறார். ஆறுமுகநாதன் கடைக்குள் நுழைந்ததும் புஹாரி மேசை லாச்சியைத் திறந்து இரண்டு முன்வரிசை டிக்கட்டை எடுத்து வைத்தார்.

"காசு வாணாம். உங்களுக்கும் டீச்சருக்கும் வேறயா எடுத்து வெச்சீக்கிறேன்."

ஆறுமுகநாதன் ஆறு ஐந்நூறு ரூபாத் தாள்களை மேசையில் வைத்தார். புஹாரி தள்ளினார். அவர் திரும்பவும் வைத்தார். நாலாம் தடவை புஹாரி தோற்றார்.

"ஒண்டு கேக்கிறன், நானா," என்றார் ஆறுமுகநாதன். "அஞ்சு ரூபா எப்பிடி ஆயிரத்தைஞ்ஞூறாச்சுது? அதே பழைய பாட்டுத்தானே?"

இந்தக் கேள்விக்காகவே புஹாரி காத்திருந்ததுபோல் இருந்தது. "மாத்தயா, அந்தக் காலத்துல பாடுறவர் பஸ்ஸுல வந்தார். நம்மட வீட்டுல சோறும் கோழிக்கறியும் தின்டார். பைப்புல தண்ணி குடிச்சார். பாடினார். அடுத்த நாள் பஸ்ஸுல போனார். இப்ப பத்துப் பேருக்கு பிளேன் டிக்கட். கண்டியில ஹோட்டல் ரூம், ஏசி இல்லாட்டி ராகம் வராதாம். சவுண்ட் செட் கொழும்புல இருந்து ரெண்டு லொறி. கரண்ட் போனா ஜெனரேட்டர், அது நின்டா இன்னொரு ஜெனரேட்டர். குடிக்கிற தண்ணி போத்தல்ல வரணும், மூடி உடைக்காம இருக்கணும். அன்டைக்கி முன்வரிசைக்கு வாங்கின அஞ்சு ரூபா இன்டைக்கி அந்தத் தண்ணிக்கிக் காணாது."

"பாட்டுக்கு எவ்வளவு போகுது?"

புஹாரி யோசித்தார். "பாட்டுக்குன்னு தனியா ஒன்டும் இல்ல மாத்தயா."

"நிலம் இருக்கே?"

"என்ன நிலம்?"

"ஒரு ரூபா டிக்கட். சாக்கு."

"இப்ப யார் மண்ணுல குந்துற? எல்லாம் கதிரை." புஹாரி கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "தோட்டத்துச் சனம் வாற இல்ல. ஐந்நூறுன்னா அதுகளுக்கு மூணு நாள் கூலிக்கும் மேல."

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு, பழக்க தோஷத்தில், ஆறுமுகநாதன் டிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். முதுகில் ஒன்றும் இல்லை. மற்றதைப் பார்த்தார். அதிலும் இல்லை. ஒரு மூலையில் பூச்சி அரித்ததுபோல் பொடிப் பொடியாக மூன்று ஓட்டை, அவ்வளவுதான். முத்திரை இல்லை.

அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. முத்திரை இல்லாத டிக்கட் என்றால் சபைக்குத் தெரியாமல் அடித்து விற்கிற டிக்கட். இதைப் போய்ச் சொன்னால் விற்பனையை நிறுத்துவார்கள், கச்சேரியே நின்றுபோகலாம். மங்கையற்கரசிக்கு வயது ஐம்பத்தாறு. அடுத்த முறை பாடகர்கள் எப்போது வருவார்கள், அப்போது சமாதானம் இருக்குமா, யாருக்கும் தெரியாது. பிடிபடுகிறவர் புஹாரி. வாளியில் சோறு வைத்துக் கொடுத்த வீட்டுக்காரர். ஆனால் முத்திரை இல்லை.

டிக்கட்டை எடுப்பதும் திருப்புவதும் வைப்பதுமாக இருந்தவரை மங்கையற்கரசி ஒன்றரை நாள் பொறுத்துக்கொண்டார்.

"உதிலை என்ன எழுதியிருக்கு?"

"ஒண்டும் இல்லை. அதுதான்."

விஷயத்தைச் சொன்னார். மங்கையற்கரசி டிக்கட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். சமையல் குறிப்புச் சொல்லிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தினார்.

"போய்ச் சொல்லுங்கோ."

"சொன்னா கச்சேரி நிண்டுபோகும்."

"நிண்டா நிக்கட்டும். இருபத்தொன்பது வருசம் நான் வீட்டிலை இருந்தது உங்கடை முத்திரைக்காகத்தானே? இண்டைக்கு எனக்காக நீங்கள் கண்ணை மூடினா, அவ்வளவு காலமும் நான் ஏன் இருந்தனான்? எழுபத்து நாலிலையே மூடியிருக்கலாமே. அஞ்சு ரூபாவோடை முடிஞ்சிருக்கும்."

"நானா..."

"முதல் நானாவைக் கேளுங்கோ, என்னெண்டு."

"அது முடியாது. பரிசோதனைக்கு முதல் நடத்துறவருக்குத் தகவல் குடுக்கிறது விதிக்கு முரண்."

மங்கையற்கரசி நெற்றியில் கை வைத்தார். "அப்ப விதிப்படி செய்யுங்கோ."

விதிப்படி செய்தார். எழுத்தில் தராத முறைப்பாடு முறைப்பாடல்ல என்பது அவர் முப்பது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லி வந்தது. ஆகவே ஒரு முழுத்தாளில் எழுதி, கையொப்பமிட்டு, சபையின் கடிதப் பிரிவில் கொடுத்து, பதிந்து இலக்கம் வாங்கிக்கொண்டுதான் தன் பழைய அறைக்குப் போனார். அவருடைய கதிரையில் இப்போது சந்திரவதனா இருந்தாள். மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்த பெண்.

"வாங்க சேர், உக்காருங்க. பிளேன்டீ குடிக்கிறீங்களா?"

ஆறுமுகநாதன் உட்காரவில்லை. டிக்கட் இரண்டையும் மேசையில் குப்புற வைத்தார். "முத்திரை இல்லை."

சந்திரவதனா டிக்கட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மூலையில் இருந்த மூன்று ஓட்டைகளிலும் வெளிச்சம் தெரிந்தது. "இருக்கே சேர்."

"உது பூச்சி அரிச்சது."

"பூச்சி இல்ல சேர், மெஷின். நீங்க போன அடுத்த மாசமே வந்திருச்சு. அம்பது டிக்கட்ட ஒரே தடவையில ஓட்ட போடும். ஆயிரத்தி இருநூறு முத்திரை குத்துறதுக்கு வேற ஆள் கிடைக்காதுன்னு சொல்லிட்டாங்க." அவள் மேசைக்குக் கீழே கையைக் காட்டினாள். இறைச்சி அரைக்கிற மெஷின் மாதிரி ஒன்று அங்கே இருந்தது. "புஹாரி நானா எல்லாத்தையும் கொண்டாந்து ஓட்ட போட்டுக்கிட்டுத்தான் போனாரு. ஒரு குறையும் இல்ல."

ஆறுமுகநாதன் அப்போதுதான் உட்கார்ந்தார். மெஷினைப் பார்த்தார். வலது தோளைத் தடவிக்கொண்டார்.

"அப்ப சரி. என்ரை கடிதத்தைத் திருப்பித் தாரும்."

"எந்தக் கடிதம் சேர்?"

"கீழை பதிஞ்சு குடுத்தது."

சந்திரவதனாவின் முகம் மாறியது. "பதிஞ்சிட்டீங்களா? அப்ப எடுக்க முடியாதே சேர். எழுத்துல முறைப்பாடு வந்தா வாசல்ல ஒவ்வொரு டிக்கட்டா பரிசோதிச்ச பெறகுதான் ஆளுகள உள்ள விடணும். சுற்றறிக்கை இருக்கு."

"எந்தச் சுற்றறிக்கை?"

"எம்பத்தி ஆறாம் வருசத்தது. நீங்க எழுதினது சேர்."

சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய கச்சேரிக்கு, ஆறு மணிக்கு, மைதானத்து வாசலிலிருந்து பிரதான வீதி வரைக்கும் வரிசை நின்றது. வடக்கே நாலந்தா ஊரிலிருந்து வான் வண்டி பிடித்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள். சந்திரவதனா ஒவ்வொரு டிக்கட்டையும் டோர்ச் வெளிச்சத்தில் பிடித்து மூன்று ஓட்டை பார்த்தாள். ஆறுமுகநாதனும் மங்கையற்கரசியும் நடுவில் எங்கோ நின்றார்கள். மங்கையற்கரசி நாவல் நிறத்துக் காஞ்சிபுரம் கட்டியிருந்தார், கல்யாணத்துக்குப் பிறகு மூன்றாம் தடவையாக.

"எந்தக் கழுத பெட்டிசன் அடிச்சானோ!" என்றார் முன்னால் நின்றவர். "ஆயிரத்தைந்நூறு குடுத்திட்டு நடுரோட்டுல நிக்கிறோம்."

"ஆரோ வேலையில்லாத மனிசராய் இருக்கும்," என்றார் மங்கையற்கரசி.

ஆறுமுகநாதன் வானத்தைப் பார்த்தார். மழைக்குணம் இல்லை.

வாசலில் புஹாரி வெள்ளைச் சாரமும் வியர்வையுமாக நின்றார். "பாருங்க மாத்தயா, யாரோ ஒருத்தன்..."

"நான்தான், நானா."

புஹாரி திரும்பி, அடுத்த மூன்று பேரை உள்ளே அனுப்பினார்.

"ஸ்டோருக்குள்ள ஒளிச்சி வெச்சா, பதின்மூணு கதிரை குறையுதுன்னு சொன்ன ஆள்," என்றார் பிறகு, தனக்குத்தானே ஞாபகப்படுத்துவதுபோல. "என்னட்ட ஒரு வார்த்தை கேட்டீக்கலாம்."

"கேட்டிருக்கலாம். விதியிலை இடமில்லை. என்ரை பிழை, நானா. ஓட்டையை நான் பூச்சி எண்டு நினைச்சன்."

"ஓட்டைய பூச்சின்னு..." புஹாரிக்குச் சிரிப்பு வந்தது, கோபத்தைக் கைவிடாமலே சிரித்தார். "சரி. எல்லா டிக்கட்டும் சரின்னு இந்தப் புள்ள எழுத்துல தரணும். பிரேம் போட்டு கடையில மாட்டுறேன். கீழ உங்கட கையெழுத்தும் வேணும்."

"தாறன்."

"டீச்சர், போங்க உள்ள. முன்வரிசை. நடுக் கதிரை."

ஆறு ஐம்பதுக்குப் பாட்டுத் தொடங்கியது.

முன்வரிசைக் கதிரைகளுக்கு வெள்ளைத்துணி உறை போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆளுயரத்தில் ஒலிபெருக்கிகள், அலுமாரிகளை அடுக்கினதுபோல. முதல் அடியிலேயே ஆறுமுகநாதனின் மார்புக்கூடு அதிர்ந்தது. சட்டைப் பைக்குள் இருந்த பேனை அதிர்ந்தது. மங்கையற்கரசி இரண்டு காதையும் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, கண்ணை மேடையிலிருந்து எடுக்காமல் இருந்தார். பாடகருக்கு அறுபது வயதிருக்கும். மேல் சட்டைப் பொத்தான் திறந்திருந்தது. தொண்டை ஏறியது, இறங்கியது. உச்சத்துக்குப் போகும்போது ஒரு நரம்பு புடைத்தது. அவர் போத்தல் மூடியை உடைத்துத் தண்ணீர் குடித்ததையும், விழுங்கியதையும், திரும்ப ஏறியதையும் மங்கையற்கரசி பார்த்தார். இரண்டு பாட்டு முழுக்கப் பார்த்தார்.

ஆறுமுகநாதன் கழுத்தைத் திருப்பி வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது.

மங்கையற்கரசி அவர் கையைத் தட்டி, காதுக்குள் கத்தினார். "பாத்திட்டன்!"

"என்ன?"

"தொண்டை! பாத்திட்டன்! இனிக் கேப்பம், வாங்கோ! இதிலை இருந்தா ஒண்டும் கேக்காது!"

"இது ஆயிரத்தைஞ்ஞூறு ரூபாக் கதிரை!"

"இவ்வளவு காலமும் நீங்கள் எங்கை நிக்கிறனீங்கள்?"

அவருக்கு விளங்கவில்லை. மங்கையற்கரசி எழும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். ஆயிரத்தைந்நூறைக் கடந்து, ஆயிரத்தைக் கடந்து, ஐந்நூறையும் கடந்து போனார்கள். பலர் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டுப் பிடிக்காமல் போகிறார்கள் என்று நினைத்திருக்கலாம்.

வாசலை ஒட்டிய மின்கம்பத்தடியில் சந்திரவதனா நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். இருவரையும் கண்டதும் விரலை மடக்கிப் பிடித்தபடி கொஞ்சம் விலகி இடம் கொடுத்தாள். அவர்களுக்குப் பின்னால் கம்பிவேலி. அதற்கு வெளியே ரோட்டில் நாற்பது ஐம்பது பேர், சைக்கிளில் சாய்ந்தும், பிள்ளையைத் தோளில் வைத்தும், டிக்கட் இல்லாமல் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"சேர், வெளியில நிக்கிறவங்களையும் எண்ணணுமா?"

"வேண்டாம். வரி கதிரைக்குத்தான். பாட்டுக்கு இல்லை."

இங்கே ஒலி அடங்கி, தனித்தனியாகப் பிரிந்து வந்தது. வயலின் ஒரு பக்கம், தபேலா ஒரு பக்கம், நடுவில் குரல். மங்கையற்கரசி சேலைத் தலைப்பைக் காதிலிருந்து எடுத்தார். கம்பத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்த இடத்தில் கம்பம் வழவழப்பாக இருந்தது, முப்பது வருடமாக ஒரு தோள் சாய்ந்த இடம்.

"இஞ்சையோ நிண்டனீங்கள்?"

"இஞ்சைதான்."

"உள்ளதுக்குள்ளை திறமான இடத்திலை நிண்டுகொண்டுதான் இவ்வளவு காலமும் மஞ்சள் சீலை எண்டு வந்து சொன்னனீங்கள்."

ஆறுமுகநாதன் தன் பழைய இடத்தில் நின்றார், மங்கையற்கரசி பக்கத்தில் நின்றார். அடுத்த பாட்டு தொடங்கியது. அது அவர்கள் கல்யாணம் கட்டிய வருடத்தில் ரேடியோவில் ஓயாமல் போன பாட்டு. மங்கையற்கரசி சத்தமில்லாமல் கூடவே பாடினார். கடைசிவரை நின்றே கேட்டார்கள். இரத்தோட்டை பஸ் எப்போதோ போயிருந்தது. ஒருவரும் எழும்பவில்லை, சாக்கு உதறவில்லை.

அலுவிகாரைக்கு ஆட்டோ பிடித்தார்கள். காதுக்குள் இன்னும் தபேலா இருந்தது. பாதி வழியில் மங்கையற்கரசி கேட்டார்.

"எத்தினை பேர் வந்தது?"

"முன்னுக்கு முந்நூற்றிப் பன்னிரண்டு. எங்கடை ரெண்டு கதிரையும் வெறுமை."

"பின்னுக்கு?"

ஆறுமுகநாதன் வெளியே பார்த்தார். விகாரைக்கு முன்னாலிருந்த கடைகள் பூட்டிக்கொண்டிருந்தன.

"பின்னுக்கு எண்ணேல்லை."

"ஏன்?"

"பாட்டு நடந்துகொண்டிருந்தது," என்றார்.